முழு பாக்கெட் வாங்கிய நாள்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவன் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று படித்ததும் இவள் பாயசம் வைத்துவிட்டாள். பாயசத்துக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும் அவளுக்கு.

கடைசி வரியில் கேட்டிருந்தாயே, "நிஜமாகவே விட்டுட்டியாடா?" என்று. சிகரெட்டை விட்டுவிட்டேன். இன்றோடு 111 நாள். நீ நம்ப மாட்டாய், தெரியும். காலேஜ் எதிரே பெட்டிக்கடையில், தொங்கும் கயிற்று நெருப்பில் ஒரே சிகரெட்டைப் பற்றவைத்து மாற்றி மாற்றி இழுத்தவர்கள்தானே நாம்.

பயந்துபோய் விடவில்லை. பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு அந்தக் கோரமான படத்தைப் போட்டிருக்கிறார்களே, அதை நான் சரியாகப் பார்த்ததே கிடையாது. எப்படிப் பார்ப்பேன்? முப்பது வருஷமும் வாங்கினது சில்லறையாகத்தான். ஆபீஸ் பக்கத்து பேக்கரியில் ஒரு டீ, ஒரு தம். பாக்கெட் கல்லாவுக்குக் கீழேயே இருக்கும், கடைக்காரர் ஒன்றை மட்டும் உருவி நீட்டுவார். ஒற்றையாக விற்கக் கூடாது என்று கர்நாடகத்தில் சட்டமே இருக்கிறது. எதற்கு இந்த வீண் கெடுபிடி என்று நினைத்திருந்தேன். ஒற்றையாக வாங்குகிறவன் கண்ணில் படமும் படாது, விலை ஏறினாலும் அவனுக்கு உறைக்காது. இப்போதுதான் புரிகிறது.

பிப்ரவரியில் ஓசூர் தாண்டி ஒரு கிராமத்தில் கல்யாணம். கடை இருக்குமோ இருக்காதோ என்று முழு பாக்கெட் வாங்கினேன். மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர் டேங்க் நிழலில் நின்றபோது, பொழுது போகாமல் அட்டையைப் படித்தேன். இன்றே விடுங்கள், 1800 11 2356 என்று ஒரு போன் நம்பர். 2018-லிருந்து அந்த நம்பர் அச்சாகிறதாம்!

வீட்டுக்கு வந்து போன் போட்டேன். விட நினைக்கிறவர்களுக்கு உதவ இங்கேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஒரு மையம் இருக்கிறது, தமிழிலேயே பேசினார்கள். உபதேசம் வரும் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பெண் கேட்டதோ, "காலையில் எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட்?" பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே என்றேன். சிரிக்கவில்லை. விடுவதற்கு ஒரு தேதி குறிக்கச் சொன்னார். அப்புறம் அவர்களே கூப்பிட்டு விசாரித்தார்கள்.

டாக்டரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். அரை மணிக்குள் பற்றவைக்கிற ஆள் என்பதால் 4 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தார். நிகோடினை விடுவதற்கு நிகோடினா என்றேன். ஆளைச் சாய்ப்பது புகையில் இருக்கிற தாரும் கார்பன் மோனாக்சைடும்தான், நிகோடின் உங்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிற ஏஜென்ட் என்றார். முதல் நாள் பபிள்கம் மாதிரி மென்றுவிட்டேன், ஒரே விக்கல். நாலு கடி கடித்துக் காரம் ஏறினதும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டுமாம், வெற்றிலை போடுகிறவர்கள் புகையிலையை ஒதுக்குவார்களே, அப்படி. போடுவதற்கு கால் மணி நேரம் முன்பு காபி குடிக்கக் கூடாது. சிகரெட்டை விட்டதைவிட இதுதான் கஷ்டம்.

2008-இல் பொது இடத்தில் புகை பிடித்தால் 200 ரூபாய் அபராதம் என்று வந்தபோது எவ்வளவு கேலி பேசினோம்! இங்கே இப்போது 1000. ஆனால் என்னைக் காப்பாற்றியது அபராதம் இல்லை, தூரம். எங்கள் ஆபீஸ் ஆறாவது மாடி. தம் அடிக்க கேட்டுக்கு வெளியே போக வேண்டும். அந்த நினைப்பு ஐந்து நிமிஷம்தான் உயிரை வாங்கும், லிப்ட் வருவதற்குள் பாதி அடங்கிவிடும். இருந்த இடத்திலேயே புகைத்துக்கொண்டு உட்காரலாம் என்றிருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்க மாட்டேன். ஒன்பதாம் நாள் சறுக்கவும் சறுக்கினேன். 111 என்பது அதற்குப் பிறகு எண்ணியது.

சரி, உன் இருமலைப் பற்றி மூன்று வரி எழுதிவிட்டு "எல்லாம் கிளைமேட்" என்று முடித்திருக்கிறாய். முதலில் போய் டாக்டரிடம் காட்டு.

ஆடி கழித்து ஊருக்கு வருகிறேன். டீ வாங்கிக் கொடு. ஆனால் பெட்டிக்கடைப் பக்கம் நிற்க வேண்டாம், எனக்கு இன்னும் அவ்வளவு தைரியம் வரவில்லை. உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தே குடிக்கலாம்.

அன்புடன்,
ரவி