சாலிட் பார் என்று சொல்லிக் குழாய் அனுப்பியது குறித்த புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஆன்டி-ரோல் பார், ஸ்பிரிங் அடங்கிய கிட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். என் பழைய காருக்கு உங்களிடம் ஒரு கிட் வாங்கினேன். முன்பக்க ஆன்டி-ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்க இடது, வலது சக்கரப் பக்கங்களை இணைக்கும் கம்பி), நான்கு ஸ்பிரிங், பாரைத் தாங்கிப் பிடிக்கும் பாலியூரித்தேன் புஷ், அவ்வளவுதான் கிட். இதுபற்றி உங்கள் ஆட்களிடம் மூன்று முறை தொலைபேசியில் பேசினேன். “பழைய வண்டி, புஷ் எல்லாம் தேய்ஞ்சிருக்கும்” என்ற ஒரே பதிலை மூன்று முறையும் கேட்டாயிற்று. அதனால்தான் இந்தக் கடிதம்.

வண்டிக்கு 30 வயது தாண்டிவிட்டது. பின்சக்கர இழுவை, முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்த தூண்), பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் முழு ஆக்சில். வார நாட்களில் வேலைக்குப் போய்வர அதுதான். விடுமுறை நாளில் காலி மைதானத்தில் கோன்களை வைத்து, நேரம் பார்த்து ஓட்டுவோம். பந்தயம் என்று சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சம். ஆனால் அரை நொடி குறைந்தால் வருகிற சந்தோஷம் பொய்யில்லை.

வண்டியின் குறை, வளைவில் அது சாய்கிற சாய்வு. சாயும்போது முன்பக்க வெளிச்சக்கரமும் கூடவே சாய்ந்து, டயர் தன் விளிம்பில் நிற்கிறது. என் முன் டயர்களில் வெளி ஓரம் மட்டும் மொட்டையாகி, நடுவில் பட்டன் புதுசு போலவே இருந்தது. இன்னொரு தொல்லை, வளைவை விட்டு வெளியே வரும்போது உள்பக்கப் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றும். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் சாதாரண வகை. பிடிப்பு இல்லாத சக்கரம் எதுவோ, அது சுற்ற ஆரம்பித்துவிடும். முன்பக்க பாரைக் கெட்டியாக்கினால் வளைவில் எடை மாறுவதில் பெரும்பங்கை முன்சக்கரங்கள் ஏற்கும், உள்பக்கப் பின்சக்கரம் தரையில் நன்றாக அழுந்தும். அதனால்தான் முன் பார் வாங்கினேன். புஷ் எல்லாவற்றையும் அதற்கு முன்பே மாற்றிவிட்டேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பெட்டியின் மேல் “22 மி.மீ. சாலிட் பார், சாய்வு பாதியாகும்” என்று அச்சிட்டிருக்கிறது. வண்டியோடு வந்த பார் 19 மி.மீ. சாலிட், அதாவது உள்ளே துளையில்லாத முழு இரும்பு. பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் மடியில் ஏறும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 19-லிருந்து 22-க்குப் போனால் விறைப்பு ஏறத்தாழ 80 சதவீதம் கூடும். மூன்றே மில்லிமீட்டருக்கு இவ்வளவா என்று ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன்.

பழையதைக் கழற்றி ஒரு கையிலும் புதியதை மறு கையிலும் தூக்கியபோதே ஏதோ இடித்தது. தடித்த பார் லேசாக இருந்தது. பெட்டி படுக்கை நிறுக்கும் தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தேன். பழையது 3.3 கிலோ, உங்களுடையது 2.1 கிலோ. இரண்டும் ஒரே நீளம், ஒரே வளைவு. சாலிட்டாக இருந்தால் நாலரை கிலோ வந்திருக்க வேண்டும். ஸ்பானரால் தட்டினேன், பழையது ‘டொக்’ என்றது, புதியது மணி மாதிரி இழுத்தது. பெயின்ட்டைச் சுரண்டி, பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் மாட்டுகிற தட்டை முனையை டார்ச் அடித்துப் பார்த்தால், குழாயை நசுக்கி ஒட்டிய கோடு முடி அகலத்தில் குறுக்கே ஓடுகிறது.

எடையை வைத்துக் கணக்குப் போட்டால் சுவர்த் தடிமன் சுமார் 3 மி.மீ. அப்படியானால் அதன் விறைப்பு 22 மி.மீ. சாலிட் பாரில் 72 சதவீதம்தான். பழைய பாரோடு ஒப்பிட்டால் எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது 30 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 80 எங்கே, 30 எங்கே?

குழாய் பார் மட்டம் என்று நான் சொல்லவில்லை. பாதிக்கும் குறைவான எடையில் முக்கால்வாசி விறைப்பு கிடைப்பது நல்ல விஷயம்தான். வெளிவிட்டத்தை 24 மி.மீ. ஆக்கி, சுவரை 3 மி.மீ.க்குச் சற்று மேல் வைத்திருந்தால் 22 சாலிட்டின் விறைப்பு அப்படியே வந்திருக்கும். நானும் கும்பிட்டு வாங்கியிருப்பேன். நீங்கள் செய்தது அதுவல்ல. வெளியளவை அப்படியே விட்டு, உள்ளே இருந்த இரும்பை மட்டும் எடுத்துவிட்டு, பெட்டியில் சாலிட் என்று போட்டிருக்கிறீர்கள்.

சரி, வந்ததை மாட்டித்தான் பார்ப்போம் என்று மாட்டினேன். புஷ்ஷோடு வரவேண்டிய கிரீஸ் பாக்கெட் இல்லை. நானே சிலிக்கோன் கிரீஸ் வாங்கிப் பூசினேன், அது போகட்டும். நண்பர் ஒருவர் எப்போதும் ஒரே கோன் அருகே, ஒரே உயரத்தில் கேமராவை வைத்து வண்டியை முன்னாலிருந்து படம் எடுப்பார். பழைய பாரில் சாய்வு 5 டிகிரி. உங்கள் பாரில் நாலரை. பாதி என்பது இரண்டரை என்றுதான் நான் படித்திருக்கிறேன். உண்மையில் பார் சாலிட்டாக இருந்தாலுமே பாதியாகியிருக்காது. சாய்வைத் தடுப்பதில் ஸ்பிரிங்குகளுக்கும் பின்பக்கத்துக்கும் பங்கு உண்டு. அச்சிடுவதற்கு முன் இதை யாராவது யோசித்திருக்கலாம்.

அடுத்த வாரம் ஸ்பிரிங்குகளையும் மாட்டினேன். வண்டி 40 மி.மீ. இறங்கியது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. படத்தில் சாய்வு மறுபடி 5 டிகிரிக்கே போய்விட்டது. ஸ்ட்ரட் வண்டியை இவ்வளவு இறக்கினால் சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் கீழ் ஆர்மின் வெளிமுனை மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது ரோல் சென்டர், அதாவது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டி இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். வண்டியின் எடைமையத்துக்கும் அதற்கும் இடைவெளி கூடுகிறது, சாய்க்கும் நெம்புகோல் நீள்கிறது. ஸ்பிரிங்கில் நீங்கள் கூட்டிய சொற்ப விறைப்பை அது தின்றுவிட்டது. ஆர்மைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவரும் ஸ்பேசர் கிட்டில் இல்லை. ஆனால் உங்கள் விலைப்பட்டியலிலேயே அது தனியாக விற்பனைக்கு இருக்கிறது! அப்படியென்றால் விஷயம் உங்களுக்குத் தெரிந்தேதான் இருக்கிறது.

அன்றைய மூன்றாவது சுற்றில் நடந்ததுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. கடைசிக் கோனைச் சுற்றும்போது முன்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். ஸ்டீயரிங் திருப்பியபடியே இருக்கிறது, வண்டி நேராகப் போகிறது. இறக்கியதில் ஸ்ட்ரட்டுக்கு மிச்சமிருந்த ஓட்டம் தீர்ந்து, ஓட்டத்தின் கடைசியில் தடுக்கும் பம்ப் ஸ்டாப் என்ற கட்டையில் போய் முட்டியிருக்கிறது. அந்த நொடியில் முன்பக்கம் ஒரேயடியாகக் கெட்டியாகி, டயர் பிடியை விட்டுவிட்டது. மைதானம் என்பதால் இரண்டு கோன் விழுந்ததோடு போயிற்று. இதே வண்டியில்தான் நான் சாலையிலும் போகிறேன். “பம்ப் ஸ்டாப்பைப் பாதி வெட்டிவிடுங்கள்” என்று உங்கள் ஊழியர் சொன்ன யோசனையை நான் கேட்கவில்லை. வேறு யாருக்கும் அதைச் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள்.

நான் கேட்பது இதுதான். பெட்டியில் எழுதியபடி 22 மி.மீ. சாலிட் பாரை அனுப்புங்கள், அல்லது பாருக்கான பணத்தைத் திருப்பித் தாருங்கள். ஸ்பிரிங்குகள் எனக்கு வேண்டாம். அவற்றின் பணத்தைத் திருப்பியே ஆக வேண்டும். அனுப்பும் செலவும் உங்களுடையது. அப்புறம், பெட்டியில் உள்ள அந்த வரியை மாற்றுங்கள். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசியில் புஷ் கதை இனி வேண்டாம்.

எடை காட்டும் படங்களும், நசுக்கிய முனையின் படமும், கோன் அருகே எடுத்த மூன்று படங்களும் இணைத்துள்ளேன். பாரும் ஸ்பிரிங்குகளும் வந்த பெட்டியிலேயே திரும்பப் போய்விட்டன. வண்டியில் இப்போது பழைய 19 மி.மீ. பார்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்