சித்தப்பாவுக்கு, மனு கொடுப்பதற்கு முன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பள்ளிப் பிள்ளைகளுக்குப் புகையிலை விற்கிறீர்கள் என்று, வருகிற திங்கட்கிழமை உங்கள் கடையைக் குறித்து உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் மனு கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டேன். இதை நேரில் வந்து சொல்லாமல் எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். நேரில் வந்தால் நீங்கள் முதலில் "சாப்பிட்டியா மக்களே" என்று கேட்பீர்கள். அதன்பிறகு என்னால் ஒரு வார்த்தை பேச முடியாது. இது நம் வீட்டு வழக்கு மட்டுமாக இருந்திருந்தால் திண்ணையிலேயே பேசித் தீர்த்திருப்பேன். உங்கள் கடைக்கு வருகிற மற்றப் பிள்ளைகளின் தாய்மாருக்கும் இது தெரிய வேண்டும். அதேசமயம் ஊரின் பெயரையும், கடை எந்த முக்கில் இருக்கிறது என்பதையும், என் மகனின் பெயரையும் எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் தயவுசெய்து கேட்க வேண்டாம்.

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் அப்பாவோடு நீங்கள் கழித்த நாட்களை நான் எழுதப் போவதில்லை. அவருடைய வாய்க்குள் என்ன இருந்தது என்பதை என்னைவிட அருகிலிருந்து பார்த்தவர் நீங்கள். குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றிய கையும் உங்களுடையதுதான்.

போன ஐப்பசியில் ஒரு மாலை, மழை விட்ட நேரத்தில், அம்மாவுக்கு வெற்றிலை வாங்க உங்கள் கடைக்கு வந்திருந்தேன். மட்டி வாழைப்பழக் குலையின் கீழே நீங்கள் உட்கார்ந்து, அழுகிய வெற்றிலைகளைக் கிள்ளி ஒதுக்கிக்கொண்டே, அம்மாவின் முட்டுவலிக்கு என்ன தைலம் தேய்க்கிறோம் என்று விசாரித்துக்கொண்டிருந்தீர்கள். அப்போது சீருடையில் ஒரு பையன் வந்தான். எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ இருக்கும். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் எதுவும் கேட்கவில்லை. மடித்த ஒரு நோட்டைப் பலகையில் வைத்தான். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தைலத்தைப் பற்றிய பேச்சையும் நிறுத்தாமல், மிட்டாய்ப் பரணிகளுக்குப் பின்னால் கையைவிட்டு ஒரு சிறு வட்ட டப்பாவை எடுத்துக் கொடுத்தீர்கள். அவன் இரண்டடி தள்ளி நின்று, கீழுதட்டை இழுத்து எதையோ உள்ளே வைத்துக்கொண்டு போனான். "அது என்ன சித்தப்பா?" என்று கேட்டேன். "மிட்டாய், மக்களே" என்றீர்கள்.

உங்கள் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் நம்பினேன். என் வாழ்நாளில் நீங்கள் என்னிடம் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

அதே மாதிரி டப்பா ஒன்று மார்கழியில் என் மகனுடைய ஜாமெட்ரி பாக்ஸுக்குள், பாகைமானிக்கு அடியில் கிடந்தது. திறந்தால் பெப்பர்மின்ட் மணம். உள்ளே விரல்நுனி அகலத்தில் வெள்ளைப் பைகள். ஒவ்வொன்றிலும் புகையிலைத் தூள். புகை வராது, துப்ப வேண்டாம், வாயில் நாற்றமும் தெரியாது. அதனால்தான் ஆசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகளால் இதை உதட்டுக்குள் வைத்திருக்க முடிகிறது. வாயின் உட்தோல் வழியாக நிகோடின் நேராக இரத்தத்தில் இறங்கிவிடுகிறது. நாகர்கோவிலில் பல் மருத்துவர் அவன் உதட்டை மடித்து எனக்குக் காட்டினார். பை உட்காரும் இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஈறு பல்லைவிட்டுக் கீழே இறங்கியிருந்தது. இப்போதே நிறுத்தினால் அந்த வெளுப்பு பெரும்பாலும் ஆறிவிடும் என்றார். இறங்கிய ஈறு தானாக ஏறாது என்றும் சொன்னார்.

அவனுக்கு வயது பதினைந்து. மனித மூளை இருபத்தைந்து வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது என்கிறார்கள். அந்த வளர்ச்சியின் நடுவில் நிகோடின் புகுந்தால் மூளை அதையும் சேர்த்தே பழகிக்கொள்கிறது, அதனால்தான் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் விரைவில் அடிமையாகிறார்கள். நிறுத்திய முதல் சில நாட்களை நான் கண்ணால் பார்த்தேன், சித்தப்பா. தூக்கமில்லை; புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தை வெறித்துக்கொண்டிருந்தான்; தங்கையிடம் காரணமில்லாமல் சீறினான். நாக்கு மட்டும் உதட்டுக்குள் அந்த இடத்தையே தேடித் தேடிப் போய்க்கொண்டிருந்தது. அதைச் செய்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. உங்கள் மடியில் காது குத்திக்கொண்ட பிள்ளை அவன்.

அந்த டப்பாவின் மீதே "இன்றே கைவிடுங்கள்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்டு, 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண்ணையும் கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணில்தான் என் மகன் பேசினான். ஆசை எழும்பும்போது சில நிமிடங்கள் தள்ளிப்போடச் சொன்னார்கள், தண்ணீரை மெதுவாகக் குடிக்கச் சொன்னார்கள், எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது கை போகிறது என்று எழுதி வைக்கச் சொன்னார்கள். அவன் எழுதிய தாளில் மாலைப் பள்ளி விடும் நேரமும் உங்கள் கடையும் இருந்தன. எத்தனை டப்பாக்கள் உங்கள் கை வழியாகப் போயிருக்கும்! ஒருமுறைகூட அதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லையா?

நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவான் என்று நீங்கள் சொல்வீர்கள். வாங்கட்டும்; அந்தக் கடைக்காரர் அவனுக்குத் தாத்தா முறை அல்லவே. வயது தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது, வந்து நிற்பது சீருடையில். 2013 மே மாதம் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் தடை வந்தபோது கடையின் முகப்பில் தொங்கிய சரங்களை நீங்களே அறுத்துப் போட்டீர்கள். "நமக்கு இந்தப் பாவம் வேண்டாம்" என்றீர்கள். களியக்காவிளை தாண்டினாலும் தடைதான், கேரளம் நமக்கு ஓராண்டு முன்பே தடுத்துவிட்டது. பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக்கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது; உங்கள் கடையிலிருந்து பள்ளி மணி கேட்கும். பிள்ளைகளுக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு ஆண்டுவரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தப் பிரிவைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்களுக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரை வியாதி. அதையெல்லாம் எண்ணித்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். ஆனால் பேசாமல் இருந்த ஒவ்வொரு மாலையும் பள்ளி விட்டுக்கொண்டுதான் இருந்தது.

2019-இல் இந்தியா முழுவதும் பள்ளிகளில் எடுத்த கணக்கில், 13 முதல் 15 வயதுள்ள மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்துவதாகத் தெரியவந்தது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் மூன்று பேருக்கு மேல். என் மகனுடைய வகுப்பில் அதைவிடக் கூடுதல் என்று அவன் சொல்கிறான். பெயர்களைச் சொல்ல மறுத்துவிட்டான், நானும் வற்புறுத்தவில்லை.

இந்தக் கடையின் வருமானத்தில்தானே படித்தாய் என்று சித்தி கேட்பார். உண்மைதான். என் கல்லூரிக் கட்டணத்தை நீங்கள் கட்டினீர்கள், ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அது பழமும் சோடாவும் விற்ற பணம். அந்த நன்றியைக் காட்டி இதற்கு வாயை மூடச் சொன்னால் மூட மாட்டேன்.

மனுவை விலக்கிக்கொள்ளும்படி யாரையும் தூது அனுப்ப வேண்டாம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வாரம் ஒருமுறை இருட்டிய பிறகு பைக்கில் வந்து சரக்குப் போட்டுவிட்டுப் போகிறவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் வேறு எந்தெந்தப் பள்ளி முக்குகளில் இறக்குகிறார் என்பதும் தெரிந்திருக்கும். திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் கிளம்புகிறேன். நீங்களும் வந்து அதை உங்கள் வாயாலேயே அவர்களிடம் சொன்னால், மனுவில் அதையும் சேர்த்து எழுதுகிறேன். வராவிட்டாலும் நான் போவேன். சித்தியிடம் நானே பேசிக்கொள்கிறேன். கோயில் கொடைக்கு எங்களை அழைப்பதும் அழைக்காததும் உங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்