மாவ்ரோமாத்தி (கிரீஸ்) ஊர்ச் சங்கம்: 2023ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் ஊர்ப் பெருமக்களுக்கும் வணக்கம்.

முதலில் இரங்கல். தொல்லியல் பேராசிரியர் பெத்ரோஸ் தெமெலிஸ் 2023இல் காலமானார். 1980களின் பிற்பகுதியில் அவர் அகழாய்வுப் பொறுப்பை ஏற்றபோது, பண்டைய மெசீனி நகரத்தின் பெரும்பகுதி நம் ஊருக்குக் கீழே மண்ணுக்குள் கிடந்தது. தோண்டியதோடு நில்லாமல், விழுந்த தூண்களை அதனதன் இடத்திலேயே நிமிர்த்தி நிறுத்தியவர் அவர். நாடக அரங்கில் 2013 முதல் மீண்டும் நிகழ்ச்சிகள் நடப்பதும் அவர் உழைப்பால்தான். இந்த ஊர் அவருக்கு என்றும் கடன்பட்டது.

செயற்குழு இவ்வாண்டு அதிகம் பாடுபட்டது நம் ஊரின் கிளெப்சிட்ரா ஊற்றுக்காக. மழையில் சரிந்த மண் வாய்க்காலை அடைத்து, தண்ணீர் சாலையில் வழிந்தது. பழைய கற்கள் பெயர்ந்துவிடக் கூடாது என்பதால் இயந்திரம் எதையும் இறக்கவில்லை. உறுப்பினர்களே மண்வெட்டியும் கூடையுமாகத் தூர்வாரினார்கள். கல்லிடுக்கில் வேரோடியிருந்த அத்திக் கன்றை மட்டும் கத்தியால் சிறிது சிறிதாக அறுத்தெடுக்க ஒரு முழு நாள் பிடித்தது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். கட்டாயம் வேண்டும். கிரேக்கரின் தலைமைக் கடவுளான ஜீயஸைக் குழந்தையாக நீராட்டியது இந்த ஊற்றில்தான் என்பது மெசீனியர் நம்பிக்கை. இதோமி மலையுச்சியிலிருந்த ஜீயஸ் கோயிலுக்கு நாள்தோறும் இங்கிருந்து நீர் சுமந்து போனார்கள் என்றும், சந்தைவெளியிலிருந்த அர்சினோயி நீர்மாடத்துக்கும் இந்த நீரே பாய்ந்தது என்றும் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் பயண எழுத்தாளர் பவுசானியாஸ் எழுதியிருக்கிறார். கி.மு. 369இல் தீப்ஸ் நகரத் தளபதி எபாமினோண்டாஸ் நிறுவிய மெசீனி நகரத்தின் மதில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளம். மலையையும் ஊற்றையும் விளைநிலத்தையும் அது சேர்த்தே வளைத்தது. முற்றுகைக் காலத்தில் தண்ணீர் இல்லாத கோட்டை எத்தனை நாள் தாங்கும்? அந்த நகரம் போய்விட்டது. அதன் நீரை நாம் இன்றும் குடிக்கிறோம்.

அந்த மதிலின் ஆர்க்கேடிய வாயிலின் ஊடாகத்தான் இன்றும் சாலை போகிறது. அங்கே சாய்ந்து கிடக்கும் பெரிய ஒற்றைக் கல்லை உரசிவிடும் அளவுக்குச் சுற்றுலா பஸ்கள் நெருங்கி வருகின்றன. எச்சரிக்கைப் பலகை வைக்கக் கோரி இருமுறை மனு அனுப்பியும் பதில் வரவில்லை. மனம் பொறுக்கவில்லை. மீண்டும் அனுப்புவோம்.

மலையுச்சிப் பழைய மடத்துக்குச் செல்லும் பாதையில் முட்செடிகள் வெட்டப்பட்டன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஊற்று வாய்க்காலை ஆண்டுதோறும் செப்டம்பரிலேயே தூர்வார வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். ஒலிவ அறுவடை தொடங்கிவிட்டால் ஆள் கிடைக்காது.

செயலாளர்