விலை கேட்காத விளையாட்டுகள்: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

இலவச விளையாட்டு என்று எதைத் தொட்டாலும் நடுவில் விளம்பரம் வருகிறது, உயிர் தீர்ந்துவிட்டது, நாளை வா அல்லது காசு கொடு என்கிறது, இனி அந்தப் பக்கமே போகப்போவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. ஆனால் நீங்கள் இதுவரை பார்த்தவை இலவசம் என்ற பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்ட கடைகள். மறுநாளும் அதற்கு மறுநாளும் உங்களை வரவழைக்கவேண்டும் என்று கணக்குப் போட்டு அவற்றைச் செய்திருக்கிறார்கள். அவற்றுக்கு வெளியே, தன் மனத்தில் தோன்றிய ஒரு விசித்திரமான எண்ணத்தை ஒருவர் தனியாக உட்கார்ந்து விளையாட்டாகச் செய்து, யாரிடமும் எதுவும் கேட்காமல் பொதுவில் வைத்துவிட்டுப் போன படைப்புகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை உங்களுக்கு அறிமுகப்படுத்தவே இதை எழுதுகிறேன். உங்களைப் போலவே சலித்துப்போன வேறு சிலருக்கும் பயன்படக்கூடும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

விற்றாக வேண்டிய கட்டாயம் இல்லாததால்தான் இவை இத்தனை விசித்திரமாக இருக்க முடிகிறது என்பது என் உறுதியான எண்ணம். ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடும் விளையாட்டைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? முதல் ஒரு மணி நேரம் விழுந்துகொண்டே இருக்கச் செய்யும் விளையாட்டை எந்த நிறுவனம் துணிந்து விற்கும்?

விழுவதைப் பற்றிச் சொன்னது 'க்வாப்' என்ற விளையாட்டை நினைத்துத்தான். பென்னட் ஃபாடி என்ற ஆஸ்திரேலியர் 2008இல் வெளியிட்டது இது. அவர் தத்துவத் துறை ஆய்வாளராகவும் இருந்தவர். நீங்கள் ஓர் ஓட்டப்பந்தய வீரர், நூறு மீட்டர் ஓட வேண்டும், அவ்வளவுதான் கதை. ஆனால் முன்னே செல்ல ஒரு விசை, குதிக்க ஒரு விசை என்ற வழக்கமான ஏற்பாடு இதில் கிடையாது. க்யூ, டபிள்யூ ஆகிய இரண்டு விசைகள் தொடைகளை அசைக்கும், ஓ, பி ஆகிய இரண்டும் கெண்டைக்கால்களை அசைக்கும். ஒவ்வொரு தசையையும் நீங்களே இயக்க வேண்டும். முதல் முறை விசையைத் தொட்டதும் வீரர் ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மல்லாந்து விழுவார். பிறகு ஒரு மீட்டர் போவீர்கள், அடுத்த முறை பின்பக்கமாகப் போய்விடுவீர்கள். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றித் தேய்த்துக்கொண்டே போனால் விழாமல் நகரலாம் என்பதைப் பெரும்பாலோர் தாமாகவே கண்டுபிடிக்கிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் நூறு மீட்டரையும் ஓடி முடிப்பவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். நாம் தினமும் யோசிக்காமல் செய்யும் நடை எத்தனை சிக்கலான காரியம் என்பதை எந்தப் பாடமும் இவ்வளவு வேகமாக உணர்த்தியதில்லை. வாய்விட்டுச் சிரிப்பீர்கள் என்பதற்கு நான் பொறுப்பு.

அடுத்ததாக ஜேசன் ரோரர் 2007இல் வெளியிட்ட 'பேசேஜ்'. நூறு புள்ளி அகலமும் பதினாறு புள்ளி உயரமும் மட்டுமே கொண்ட, நாடா போன்ற ஒரு திரையில் ஒரு சின்ன மனிதன் நடக்கிறான். தொடக்கத்தில் அவன் திரையின் இடது ஓரத்தில் நிற்பான், வலது பக்கம் வரப்போவதெல்லாம் மங்கலாக நெரிந்து தெரியும். ஐந்து நிமிடம் ஓட ஓட அவன் தலைமுடி மாறும், உடல் தளரும், திரையில் அவன் நிற்கும் இடமும் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நகரும். கடைசியில் முன்னால் பார்க்க எதுவும் மிஞ்சாது, பின்னால் கடந்து வந்தது மட்டும் மங்கலாக நீண்டு கிடக்கும். வழியில் ஒரு பெண் நிற்பாள். அவளைத் தொட்டால் கடைசிவரை உடன் வருவாள். ஆனால் இருவராகச் சேர்ந்து நடக்கும்போது குறுகலான சந்துகளில் நுழைய முடியாது, அங்கே இருக்கும் பெட்டிகள் தனியாக நடப்பவனுக்கே எட்டும். இந்த விதியை விளையாட்டு எங்கும் எழுதிக் காட்டுவதில்லை. ஒரு சந்தின் முன்னால் போய் முட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் உங்களுக்கே புரியும். ஒரு சொல்கூட இல்லாமல், நகர்வதற்கான விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு இல்வாழ்க்கையைப் பற்றி ஒருவர் இவ்வளவு சொல்லியிருக்கிறார் என்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் முதன்முறையாகப் பதினான்கு வீடியோ விளையாட்டுகளைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது, பேக்-மேன், டெட்ரிஸ் ஆகியவற்றோடு இதையும் சேர்த்துக்கொண்டது.

சொற்களில் உங்களுக்கு இருக்கும் ஈடுபாட்டை அறிந்தவன் என்பதால் 'பாபா இஸ் யூ'வைச் சொல்லாமல் விட முடியாது. பின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி டெய்காரி 2017இல் நார்டிக் கேம் ஜாம் என்ற குறுகிய நேரப் போட்டிக்காகச் செய்த முதல் வடிவம் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. பின்னர் வந்த பெரிய வடிவத்துக்குத்தான் விலை உண்டு. இதில் விளையாட்டின் விதிகளே கட்டைகளாகத் திரையில் கிடக்கும். 'சுவர்' 'என்பது' 'தடை' என்ற பொருளில் மூன்று ஆங்கிலச் சொற்கள் ஒரே வரிசையில் இருக்கும்வரை சுவரைக் கடக்க முடியாது. நடுச்சொல்லைத் தள்ளி வாக்கியத்தை உடைத்துவிட்டால் அதே சுவருக்குள் புகுந்து நடந்து போகலாம். பாபா என்பது நீங்கள் இயக்கும் சின்ன உருவத்தின் பெயர். 'பாபா என்பது நீ' என்ற வாக்கியத்தில் பாபாவை அகற்றிவிட்டுப் பாறையைக் கொண்டுவந்து வைத்தால், அந்தக் கணத்திலிருந்து நீங்கள் பாறையாகிவிடுவீர்கள். கதவைத் திறக்கும் திறவுகோல் இலக்கணமாக இருக்கும் விளையாட்டு உங்களுக்குப் பிடிக்காமல் போகாது.

இப்படிப்பட்ட போட்டிகள் விசித்திரங்களின் விளைநிலம். 2002இல் தொடங்கிய 'லூடம் டேர்' போட்டியின் தனிநபர் பிரிவில் ஒருவர் தனியாக நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள், அறிவிக்கப்பட்ட ஒரு தலைப்பை ஒட்டி, ஒரு விளையாட்டை முழுதாகச் செய்து முடிக்க வேண்டும். மெருகேற்ற நேரமில்லாததால் எண்ணம் மட்டுமே மிஞ்சுகிறது, பல நேரங்களில் அதுவே போதுமானதாக இருக்கிறது.

நீல் அகர்வால் 2023இல் தன் தளத்தில் வெளியிட்ட 'பாஸ்வேர்டு கேம்' உலாவியிலேயே திறக்கும், எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. கடவுச்சொல் ஒன்றை உருவாக்கச் சொல்லும். குறைந்தது ஐந்து எழுத்து, ஓர் எண், ஒரு பெரிய எழுத்து என்று வங்கித் தளங்களில் நாம் பார்த்துப் பழகியபடியே தொடங்கும். பிறகு எண்களின் கூட்டுத்தொகை 25 ஆக வேண்டும் என்கும், ஒரு மாதத்தின் பெயர் வேண்டும் என்கும், இன்றைய நிலவின் பிறைவடிவம் வேண்டும் என்கும், ஒரு சதுரங்கப் பலகையைக் காட்டி அதற்குரிய மிகச் சிறந்த நகர்த்தலைக் கடவுச்சொல்லில் சேர்க்கச் சொல்லும். இத்தனையையும் நிறைவேற்றி மூச்சு வாங்கும் நேரத்தில் ஒரு முட்டையைக் கையில் கொடுத்து, இதன் பெயர் பால் (Paul), இதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்கும். சற்று நேரத்தில் கடவுச்சொல்லில் தீப்பிடிக்கும், எழுத்துகள் ஒவ்வொன்றாக எரியும், முட்டையைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு உங்களுடையது. மேற்கொண்டு என்ன நடக்கும் என்பதை நீங்களே பாருங்கள்.

நீண்ட மாலைப்பொழுது ஒன்று கிடைக்கும்போது ஃபிராங்க் லான்ட்ஸ் 2017இல் செய்த 'யுனிவர்சல் பேப்பர்கிளிப்ஸ்' உலாவி வடிவத்தைத் திறந்துகொள்ளுங்கள். வெள்ளைப் பக்கம், சில எண்கள், காகிதக் கவ்வி செய்ய ஒரு பொத்தான். பார்க்க இதைவிட வறட்சியான விளையாட்டு இருக்க முடியாது. கவ்விகளைச் செய்வதை மட்டுமே குறிக்கோளாகக் கொண்ட செயற்கை அறிவு ஒன்று உலகத்தையே கவ்விகளாக மாற்றிவிடக்கூடும் என்று தத்துவவாதி நிக் பாஸ்ட்ராம் முன்வைத்த ஒரு சிந்தனைச் சோதனையிலிருந்து பிறந்தது இது. அந்த அறிவின் இடத்தில் உங்களை உட்காரவைத்திருக்கிறார்கள் என்பதே இதன் வலிமை. அடுத்து என்ன, அடுத்து என்ன என்று நீங்களே துரத்திக்கொண்டு போவீர்கள். இதை வெளியிலிருந்து விவரிப்பது வீண்.

'டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்' பற்றி எழுதலாமா என்று தயங்கினேன், ஏனென்றால் அது கற்றுக்கொள்ளக் கடினமானது. டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் 2006 முதல் வெளியிட்டு வரும் இதில், குள்ளர்கள் மலையைக் குடைந்து கட்டும் ஒரு குடியிருப்பை நீங்கள் நிர்வகிக்கிறீர்கள். படங்களோடு கூடிய வடிவம் 2022 முதல் விலைக்குக் கிடைக்கிறது, எழுத்துகளாலும் குறிகளாலும் ஆன பழைய வடிவம் இலவசமாகவே தொடர்கிறது. இதன் உலகம் எத்தனை நுணுக்கமானது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு கட்டத்தில் குடியிருப்புகளில் பூனைகள் காரணமில்லாமல் செத்துக்கொண்டிருந்தன. ஆராய்ந்தபோது, மதுக்கூடத்தில் குள்ளர்கள் சிந்திய மதுவில் பூனைகள் நடந்திருக்கின்றன, மது பாதங்களில் ஒட்டியிருக்கிறது, பூனைகள் இயல்புப்படி தம்மை நக்கித் துப்புரவு செய்துகொண்டிருக்கின்றன, அப்படி நக்கிய துளியை விளையாட்டு ஒரு முழுக் குவளையாகக் கணக்கிட்டதால் அந்தச் சிற்றுடல்கள் போதை தாளாமல் இறந்திருக்கின்றன என்று தெரியவந்தது. இதை யாரும் திட்டமிட்டு எழுதவில்லை. பாதம், நாக்கு, மது, உடல் எடை என்று தனித்தனியாக எழுதி வைத்தவை ஒன்றோடொன்று சேர்ந்து தாமாகவே ஒரு கதையை உண்டாக்கியிருக்கின்றன. விளையாடப் பொறுமையில்லை என்றாலும், இதை ஆடியவர்கள் எழுதிய அனுபவக் கதைகளையாவது தேடிப் படியுங்கள்.

பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட ஏற்றது 'சாமரோஸ்ட்'. செக் நாட்டின் யாகுப் டிவோர்ஸ்கி மாணவராக இருந்தபோது 2003இல் செய்தது. புதுப்பித்த வடிவத்தை 2021இல் இலவசமாகவே கொடுத்தார்கள். மரவேர்களும் பாசியும் சேர்ந்த ஒரு விண்வெளியில் வெள்ளைக் குல்லாய்ச் சிறுமனிதன் ஒருவன் தன் வீட்டைக் காப்பாற்றப் புறப்படுகிறான். படிக்க வேண்டியது எதுவும் இல்லை, திரையில் தோன்றிய இடத்தையெல்லாம் தொட்டுப் பார்ப்பதுதான் ஆட்டம்.

பிள்ளைகளோடு விளையாடக் கூடாதவையும் இருக்கின்றன. 'டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்' படத்தைப் பார்த்தால் பள்ளிப் பிள்ளைகளின் கவிதை மன்றம் போலத் தெரியும், ஆனால் அது குழந்தைகளுக்கு உரியதன்று என்று அதன் தொடக்கத்திலேயே அறிவிக்கிறார்கள். அந்த அறிவிப்பை அப்படியே நம்புங்கள், தற்கொலையும் மனச்சோர்வும் அதில் நேரடியாக வருகின்றன. பாவ்லோ பெடர்சினி 2009இல் செய்த 'எவ்ரி டே த சேம் ட்ரீம்' என்ற நல்ல படைப்பிலும், ஒவ்வொரு நாளும் அதே அலுவலகத்துக்குப் போகும் மனிதனின் வழிகளில் ஒன்று மாடியின் விளிம்பில் முடிகிறது. மனம் தெளிவாக இருக்கும் நாளில் மட்டும் அதைத் தொடுங்கள்.

சில நடைமுறைச் செய்திகள் சொல்லிவிடுகிறேன். இவற்றைக் கைப்பேசியில் தேடாதீர்கள், அங்கே இதே பெயர்களில் விளம்பரம் நிறைந்த போலிகள் வரும். கணிப்பொறியும் விசைப்பலகையுமே சரி. செய்தவருடைய சொந்தத் தளம் இருந்தால் அங்கேயே போங்கள், இல்லையென்றால் இப்படிப்பட்ட தனிப் படைப்பாளிகள் தங்கள் விளையாட்டுகளை வைக்கும் இட்ச் டாட் ஐஓ (itch.io) தளத்தைப் பாருங்கள். அங்கே பல விளையாட்டுகளில் நீங்கள் விரும்பும் தொகையைக் கொடுக்கலாம் என்று ஒரு கட்டம் வரும். ஒன்றும் கொடுக்காமலும் பதிவிறக்கலாம், அதற்கு அங்கேயே வழி இருக்கும், கூச்சப்பட வேண்டியதில்லை. விளையாடி முடித்தபின் மனம் நிறைந்தால் திரும்பிப்போய்க் கொடுப்பது என் வழக்கம். பழைய விளையாட்டுகள் பல ஃபிளாஷ் என்ற நுட்பத்தில் செய்யப்பட்டவை. அதற்கான ஆதரவை 2020ஆம் ஆண்டின் இறுதியோடு அதை நடத்திவந்த அடோபி நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அவற்றை அழியவிடாமல் காப்பதற்காக ஃபிளாஷ்பாயிண்ட் என்ற தன்னார்வக் குழுவின் தொகுப்பும், இன்டர்நெட் ஆர்க்கைவ் தளமும் இருக்கின்றன. ஏதாவது ஒரு பழைய பெயர் திறக்கவில்லை என்றால் அந்த இரண்டு இடங்களிலும் தேடுங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும்.

காகிதக் கவ்வி விளையாட்டு உங்கள் ஆட்டத்தை உலாவியின் நினைவகத்திலேயே சேமித்து வைக்கிறது. அதை முடிக்கப் பல மணி நேரம் ஆகும் என்பதால், நடுவில் யாராவது உலாவியின் தரவுகளைத் துடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் எதைத் தொடுவது என்று கேட்டால் 'க்வாப்' என்பேன். ஒருவர் விளையாட மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கும்போதுதான் அதன் முழுச் சுவையும் தெரியும். எனவே வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்துத் திறந்து, எத்தனை மீட்டர் ஓடினீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி