மல்யுத்தத்தில் வென்றவனும் பட்டம் பெற்றவனும்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய அத்தியாயங்களைப் படித்தேன். உன் கற்பனை மலைக்குடியில், பழைய தலைவனைச் சண்டையில் வீழ்த்திய இளைஞன் அன்று மாலையே தலைவனாகிவிடுகிறான். முதியவர்கள் அனைவரும் மறுபேச்சின்றி அவனை வணங்குகிறார்கள். அந்த இடத்தில் என் மனம் உன்னோடு வர மறுத்தது. 'பிளாக் பாந்தர்' படத்தின் கற்பனை நாடான வகாண்டாவிலும் அரியணை அருவிக்கரைச் சண்டையில் கைமாறுகிறது என்று நீ சொல்லக்கூடும். வென்றவன் அந்த நாட்டின் மூலிகைத் தோட்டத்தையே எரிக்கச் சொல்லும்போது தடுக்க வழியில்லாமல் போவதையும் அதே படம் காட்டுகிறது அல்லவா?

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1958-இல் வெளியிட்ட முதல் நாவலான 'திங்ஸ் ஃபால் அபார்ட்'டில் வரும் உமுவோஃபியா ஊரை நீ மீண்டும் ஒருமுறை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஏழு ஆண்டுகள் தோல்வியே காணாத மல்லனைத் தன் பதினெட்டாம் வயதில் மண்ணில் சாய்த்த கதைநாயகன் ஒகொன்க்வோவுக்கு அந்த வெற்றி ஒன்பது ஊர்களிலும் புகழைத் தருகிறது. பதவி எதையும் தருவதில்லை. பட்டம் எதுவும் பெறாமல் கடனோடு இறந்த தந்தையிடமிருந்து அவனுக்குக் களஞ்சியமும் கிடைக்கவில்லை. ஆகவே கள்ளும் சேவலும் எடுத்துக்கொண்டு நுவாகிபியே என்ற செல்வரிடம் சென்று, விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கே தனக்கு மிஞ்சும் என்ற ஏற்பாட்டில் வள்ளிக்கிழங்கு விதை கேட்கிறான். விதையைக் களை மண்ட விட்டுவிடுவார்கள் என்று அஞ்சிப் பல இளைஞர்களுக்கு மறுத்த அந்தப் பெரியவர், இவன் உழைப்பான் என்று நம்பி 800 விதைக்கிழங்குகள் தருகிறார். என் கணிப்பில், அவனுடைய உயர்வு உண்மையில் தொடங்குவது இந்த நம்பிக்கையில்தான்.

அந்த ஊரில் ஒருவர் பெறக்கூடிய மதிப்புப் பட்டங்கள் நான்கு, நான்காவதை எட்டுபவர் ஒரு தலைமுறைக்கு ஓரிருவரே. பட்டம் பெற்றவருக்குத் தடைகளும் வந்து சேர்கின்றன: அவற்றுள் ஒன்றான ஒசோ பட்டத்தைப் பெற்றவர் உயரமான பனையில் ஏறலாகாது. அமைதி வாரத்தில் மனைவியை அடித்த ஒகொன்க்வோ, புகழ்பெற்றவனாக இருந்தும், பூமித் தெய்வத்தின் பூசாரி விதித்தபடி ஆடும் கோழியும் துணியும் நூறு சோழிகளும் செலுத்தியே தீர வேண்டியிருக்கிறது. தவறுதலாக ஓர் இளைஞனின் உயிரைப் போக்கியபோது ஏழு ஆண்டு நாடுகடத்தலும், மூதாதையரின் ஆவிகளாக முகமூடி அணிந்து நீதி வழங்கும் ஒன்பதின்மரில் அவனுக்கிருந்த இடத்தின் இழப்பும் நேர்கின்றன. அவன் நாடுகடத்தப்பட்டு வாழும் தாய்வழி ஊரான ம்பான்டாவுக்கு வந்த கிறித்தவப் பாதிரிமார் அரசன் யார் என்று கேட்கையில், தங்களுக்கு அரசன் இல்லை என்றும், உயர்பட்டத்தாரும் தலைமைப் பூசாரிகளும் முதியோருமே உண்டு என்றும் ஊரார் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

உன் இளைஞன் சண்டையில் வெல்லட்டும். அவன் வீரத்தை நீ எழுதியிருக்கும் விதம் நன்றாகவே இருக்கிறது. அதன் பிறகு அவனுக்கு விதை கொடுப்பவர் யார், அவன் தவறினால் தண்டம் விதிக்கும் உரிமை யாரிடம் உள்ளது, தோற்ற தலைவனின் உறவினர்கள் அவனிடம் என்ன கோருவார்கள் என்பவற்றைத் தீர்மானித்துவிட்டு அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கு. எழுதியதும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா