பதினாலாம் நாளை மறந்துவிடு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு நீ அனுப்பிய போட்டோவை இன்று காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு, பெரிதாக்கிப் பார்த்தேன். மெல்லிய வெள்ளைப் பட்டை. அதில் ஒரு கோடு நல்ல அழுத்தம். பக்கத்தில் இன்னொன்று, பென்சிலால் போட்டு அழித்த மாதிரி. கீழே "அம்மா, இது பாசிட்டிவா?" என்று ஒரே ஒரு வரி. எட்டு மாதமாகக் குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருப்பதை அதற்கு அடுத்த செய்தியில்தான் சொல்லியிருந்தாய். "நீ போன் பண்ணும்போதெல்லாம் கேட்காமலேயே கேட்கிற மாதிரி இருக்கும்மா, அதான் சொல்லலை" என்றும் எழுதியிருந்தாய். அதைப் பல தடவை படித்தேன். போனில் பேசினால் நான் பாதியை விட்டுவிடுவேன், மீதியை நீ அழுதுகொண்டே கேட்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது பாசிட்டிவ் இல்லை. கர்ப்பம் பார்க்கும் கிட்டில்தான் மங்கலாகக் கோடு தெரிந்தாலும் கணக்கில் வரும். நீ நனைத்தது கருமுட்டை வரும் நாளைக் காட்டும் ஓவுலேஷன் கிட், அது அப்படி இல்லை. அது தேடுவது எல்.எச். என்ற ஹார்மோனை. அந்த ஹார்மோன் உடம்பில் எல்லா நாளும் கொஞ்சம் இருக்கும், அதனால் மங்கல் கோடு எந்த நாளிலும் வரலாம். டெஸ்ட் கோடு, பட்டை வேலை செய்கிறது என்று காட்டும் கன்ட்ரோல் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ வந்தால்தான் எல்.எச். எகிறியிருக்கிறது என்று அர்த்தம். அப்படி எகிறத் தொடங்கி ஒன்று, ஒன்றரை நாளில் கருமுட்டை வெளிவரும். இன்னொன்று, பட்டையைக் குறிப்பில் போட்டிருக்கும் நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும். காய்ந்த பிறகு திரும்ப எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் இல்லாத கோடு இருக்கிற மாதிரி தெரியும், இருந்த கோடு மாறிப்போகும். நீ அதை எத்தனை மணிக்கு நனைத்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை, எனக்குத் தெரியும்.

ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்தக் கோடு இல்லை. "14-ம் நாள்தானே பார்க்கணும், ஆப் அப்படித்தான் காட்டுது" என்று எழுதியிருந்தாயே, அதுதான். கண்ணம்மா, பீரியட்ஸ் தொடங்கியதிலிருந்து எண்ணும் அந்த 14-ம் நாள் என்னிடமிருந்து மூன்று வருஷத்தைத் தின்றது.

அப்போது உன் அப்பாவுக்கு வெளியூரில் வேலை. நாங்கள் பார்த்த டாக்டர் என்னிடம் எத்தனை நாளுக்கு ஒருமுறை பீரியட்ஸ் வருகிறது என்று கேட்கவே இல்லை. "14-ம் நாளைத் தவற விடாதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாங்களும் வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். அப்பா மாதாமாதம் லீவு போட்டு 12-ம் நாள் வந்து சேருவார், 14-ம் நாள் ராத்திரி பஸ் ஏறிவிடுவார். எனக்கோ 34 நாளுக்கு ஒருமுறைதான் வரும். மூன்று வருஷம் கழித்து வேறொரு இடத்தில், தலை நரைத்த ஒரு நர்ஸம்மா என் கையிலிருந்த காலண்டரை வாங்கி, பேனாவால் பின்னாலிருந்து எண்ணினார். அடுத்த பீரியட்ஸ் வரவேண்டிய தேதியிலிருந்து திரும்பி வந்து, பதினாலு கட்டம் தள்ளி ஒரு வட்டம் போட்டார். அது 20-ம் நாளில் விழுந்தது. அப்பா பஸ் ஏறிய மறுநாள்தான் எனக்குக் கதவே திறக்கத் தொடங்குகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு நான்காவது மாதம் நாள் தள்ளிப்போனது. அது நீ.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. 1924-லேயே ஜப்பானில் ஒகினோ என்ற மருத்துவர் கண்டுபிடித்துச் சொன்னதுதான்: கருமுட்டை வெளிவருவதை முந்தின பீரியட்ஸிலிருந்து எண்ணக் கூடாது, அடுத்த பீரியட்ஸிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அவர் சொன்னது 12 முதல் 16 நாள் முன்பு. கருமுட்டை வந்த பிறகு உள்ள பாதி எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. அதற்கு முந்தைய பாதிதான் ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் நீளும், குறையும். காய்ச்சல், ராத்தூக்கம் இல்லாதது, மனக்கஷ்டம், எது வந்தாலும் தள்ளிப்போவது அந்த முதல் பாதிதான்.

நீ எழுதி அனுப்பிய ஆறு மாதக் கணக்கைப் பார்த்தேன். 29, 33, 31, 34, 30, 32. இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. எல்லாமே 21-க்கும் 35-க்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் 14-ஐக் கழித்துப் பார். ஒரு மாதம் 15-ம் நாள், ஒரு மாதம் 20-ம் நாள். நீ 14, 15 என்று இரண்டே நாள் பட்டையை நனைத்துவிட்டு, "எனக்கு கருமுட்டையே வரலை போல" என்று முடிவுக்கு வந்திருக்கிறாய். அது வரவில்லை என்று யார் சொன்னது? நீ அதற்கு முன்பே எழுந்து போய்விட்டாய், அவ்வளவுதான். உனக்கு ரொம்பக் குறைந்தது 29 நாள். அதில் 17-ஐக் கழித்து 12-ம் நாளில் தொடங்கு. அழுத்தமான கோடு வரும்வரை தினமும் பார். காலையில் எழுந்ததும் வேண்டாம், மதியத்துக்கு மேல் சாயங்காலத்துக்குள் ஒரே நேரமாக வைத்துக்கொள். அதற்கு முன் இரண்டு மணி நேரம் நிறையத் தண்ணீர் குடிக்காதே, சிறுநீர் நீர்த்துப்போனால் கோடும் மங்கிவிடும். 1-ம் நாள் என்பது சரியாக இரத்தப்போக்கு தொடங்கும் நாள், முன்னால் துளித்துளியாகப் படுவதைச் சேர்க்காதே.

அப்புறம், பட்டை இல்லாமலே உன் உடம்பு சொல்லும் ஒன்று இருக்கிறது. வெள்ளைப்படுதல் என்றதும் நாம் எல்லாரும் நோய் என்றே நினைத்து வளர்ந்துவிட்டோம். உன்னிடம் நானே அப்படித்தான் பேசியிருக்கிறேன், அது என் தப்பு. பீரியட்ஸ் முடிந்து சில நாள் வறட்சியாக இருக்கும். பிறகு பசை மாதிரி கொஞ்சம். அதற்கப்புறம் க்ரீம் மாதிரி வெள்ளையாக. கருமுட்டை வரும் நாள் நெருங்க நெருங்க அது நிறமில்லாமல் தெளிந்து, வழுவழுவென்று ஆகும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாகப் பிரித்தால் அறுந்து போகாமல் நூலாக நீளும், பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரியே. பாத்ரூமில் துடைக்கும்போதே கை வழுக்குவது தெரியும். அந்த நாட்கள்தான் நாட்கள். விந்தணுக்கள் உள்ளே உயிரோடு தங்கி, நீந்திப் போவதற்கு உடம்பு போட்டுக் கொடுக்கும் பாதை அது. கருமுட்டை வந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ திரும்பவும் கெட்டியாகி வறண்டுவிடும். நாற்றமோ அரிப்போ பச்சை நிறமோ இருந்தால் மட்டும் அது வேறு, டாக்டரிடம் போக வேண்டும்.

நான் தெர்மாமீட்டரைவிட இதைத்தான் நம்புவேன். காரணம் சொல்கிறேன். கருமுட்டை வெளிவந்தால் அது ஒரு நாளுக்கு மேல் இருக்காது. விந்தணுவோ நல்ல ஈரம் இருந்தால் ஐந்து நாள் வரை காத்திருக்கும். ஆகவே அது முன்னாடியே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். 1995-ல் 221 பெண்களை வைத்து வெளிவந்த ஓர் ஆய்வில், கரு நின்றவை எல்லாமே கருமுட்டை வரும் நாளோடு முடிகிற ஆறு நாளுக்குள்தான் நடந்திருந்தது. மறுநாள் சேர்ந்ததில் ஒன்றுகூட இல்லை. அதே ஆய்வுக்குழு 2000-ல் சொன்னதை உன் ஆப்புக்குப் படித்துக் காட்டலாம்: அந்த ஆறு நாளும் 10-ம் நாளுக்கும் 17-ம் நாளுக்கும் நடுவில் முழுசாக அமைவது சுமார் 30 சதவீதப் பெண்களுக்குத்தான்.

தெர்மாமீட்டர் கருமுட்டை வந்து முடிந்த பிறகுதான் சொல்லும். கருமுட்டை வந்த பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறுவதால் காலையில் உடம்புச் சூடு 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, அடுத்த பீரியட்ஸ் வரை அப்படியே நிற்கும். 36.3, 36.4 என்று போய்க்கொண்டிருந்தது 36.7-க்கு ஏறி மூன்று நாள் இறங்காமல் நின்றால், கருமுட்டை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். படுக்கையை விட்டு எழாமல், பேசாமல், தினம் ஒரே நேரத்தில், இரண்டு தசமம் காட்டும் தெர்மாமீட்டரில் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் எழுது, உன் உடம்பின் தாளம் பிடிபடும். பிறகு அதை எடுத்து வைத்துவிடு. காலையில் கண் விழித்ததும் முதல் வேலை மார்க்ஷீட் பார்ப்பது என்றால் எந்த மனசு தாங்கும்?

எப்போது சேருவது என்று நீ கேட்கவில்லை, கேட்கக் கூச்சம். நானே சொல்கிறேன். வழுவழுப்பு தெரிந்த நாளிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். முடிந்தால் தினமும் சேரலாம், கெடுதல் இல்லை. கோடு அழுத்தமான அன்றும் மறுநாளும் விடாதே. "சேர்த்து வைக்கிறோம்" என்று ஒரு வாரம் விலகி இருப்பது வேண்டாம். கடையில் விற்கும் வழுக்கும் ஜெல் பலதும் விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும், தவிர்த்துவிடு. முடிந்ததும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் படுத்திருக்கத் தேவையே இல்லை. இதெல்லாம் உங்கள் இருவருக்கும் பாரமாகிவிட்டால், நாள் பார்ப்பதையே ஒரு மாதம் விட்டுவிட்டு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருங்கள். அப்படி இருந்தாலே அந்த ஆறு நாள் தானாக உள்ளே வந்துவிடும்.

அதற்கப்புறம் வரும் இரண்டு வாரம்தான் கொடுமை, எனக்குத் தெரியும். மார்பு வலிக்கிறது, தூக்கம் தூக்கமாக வருகிறது, அடிவயிறு இழுக்கிறது என்று ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருப்பாய். கரு நின்றாலும் நிற்காவிட்டாலும் அந்த நாட்களில் புரோஜெஸ்டிரோன் ஏறித்தான் இருக்கும், அறிகுறியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. கரு கர்ப்பப்பையில் பதியவே பெரும்பாலும் 8 முதல் 10 நாள் ஆகும். அதற்கு முன்னால் டெஸ்ட் செய்து "இல்லை" என்று வந்தால் அது பதிலே இல்லை. நாள் தள்ளிப்போகட்டும், பிறகு பார்.

ஃபாலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம், இன்றைக்கே தொடங்கு. கரு நின்ற பிறகு தொடங்கினால் முதல் சில வாரம் வீணாகிவிடும், குழந்தையின் முதுகுத்தண்டு உருவாவது அந்த வாரங்களில்தான்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். எட்டு மாதமாக நீ பட்டையை நனைக்கிறாய், சூடு பார்க்கிறாய், ஆப் பார்க்கிறாய். மாப்பிள்ளை ஒரே ஒரு விந்துப் பரிசோதனை செய்தாரா? குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கும். ஊசி இல்லை, வலி இல்லை, ஒரே நாளில் முடிகிற காரியம். புதிதாக விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும், அதனால் சிகரெட்டை இன்று நிறுத்தினால் பலன் தெரிய அவ்வளவு நாள் பிடிக்கும். இதை அவரிடம் நீ சொல்லத் தயங்கினால் அப்பா பேசுவார். அவருக்கு அந்தக் கூச்சம் எல்லாம் எப்போதோ போய்விட்டது.

உனக்கு 31 வயது. ஒரு வருஷம் முயற்சி செய்துவிட்டு டாக்டரைப் பார்ப்பது வழக்கம். 35-ஐத் தாண்டியவர்களுக்குத்தான் ஆறு மாதம். ஆனால் பீரியட்ஸ் 35 நாளைத் தாண்டிப் போகத் தொடங்கினாலோ, தாங்க முடியாத வலி வந்தாலோ, ஒரு வருஷம் என்று காத்திருக்காதே. பட்டையில் நாள் கணக்கில் அழுத்தமான கோடாகவே வந்துகொண்டிருந்தாலும் சொல், பி.சி.ஓ.டி. என்கிற சினைப்பை நீர்க்கட்டி இருந்தால் எல்.எச். எப்போதும் தூக்கலாக இருந்து பட்டையை ஏமாற்றும். தைராய்டு டெஸ்ட் மட்டும் இப்போதே எடுத்துவிடுவது நல்லது. நீ போகும் டாக்டர் உன் சுழற்சி எத்தனை நாள் என்று கேட்காமலேயே 14 என்றோ, "21-ம் நாள் இரத்தம் கொடு" என்றோ சொன்னால் வாயைத் திறந்து கேள். கருமுட்டை வந்ததா என்று புரோஜெஸ்டிரோனை அளந்து பார்க்கும் அந்த 21-ம் நாள் சோதனை 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கு. உனக்கு அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்பு எடுக்க வேண்டும். நான் அன்றைக்குக் கேட்கவில்லை. டாக்டருக்குத் தெரியாததா என்று பேசாமல் எழுந்து வந்தேன்.

உன் கணக்குப்படி அடுத்த 12-ம் நாள் எப்போது வரும் என்று என் காலண்டரில் பார்த்துக்கொண்டேன். அதிலிருந்து 20-ம் நாள் வரை நான் போன் செய்ய மாட்டேன். அதற்கடுத்த இரண்டு வாரமும் செய்ய மாட்டேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். உனக்குப் பேச வேண்டும் போலிருந்தால் நடுராத்திரி ஆனாலும் கூப்பிடு, போனைத் தலைமாட்டில்தான் வைத்திருப்பேன். வேறு எதைப் பற்றியாவது பேசலாம். பட்டை போட்டோ அனுப்பினாலும் சரி, கண்ணாடி போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா