வரதராஜனுக்கு எந்தச் சலுகை?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நம் மாநில நீதித்துறையின் முன்னோடிகள் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை வந்திருந்தது. அச்சு நன்றாக இருந்தது. சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயர் தெருவிளக்கில் படித்த கதைக்கு முக்கால் பக்கம். எத்தனையாவது தடவை என்று நான் எண்ணி வைக்கவில்லை. கடைசிப் பத்தியில், இடம் மிச்சமாகிவிட்டதோ என்னவோ, சுப்ரீம் கோர்ட்டின் முதல் தலித் நீதிபதி ஏ. வரதராஜனுக்கும் ஒரு வரி கொடுத்திருந்தீர்கள். இட ஒதுக்கீட்டுச் சலுகையால் உச்ச நீதிமன்றம் வரை போனவராம்.

கையிலிருந்த காபி ஆறிப்போனதுதான் மிச்சம்.

உங்களுக்குத் தெரியாததா? ஐகோர்ட்டு நீதிபதியை அரசியல் சட்டத்தின் 217-ஆவது பிரிவில் நியமிக்கிறார்கள், சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியை 124-இல். இரண்டிலும் ஒதுக்கீடு கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கீழ்க்கோர்ட்டு முன்சீப் வேலைக்கு உண்டு, சரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கீழ்க்கோர்ட்டிலிருந்து படிப்படியாக வந்து, 1973-இல் ஐகோர்ட்டு, 1980 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு என்று ஏறிய மனிதருக்கு மேலே எந்தச் சலுகை காத்துக்கொண்டிருந்தது? சுப்ரீம் கோர்ட்டு தொடங்கியது 1950-இல். இவர் போகும்வரை முப்பது வருஷம் ஒரு தலித் நீதிபதி கூட அங்கே உட்காரவில்லை. 2010-இல் இன்னொரு தலித் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் ஓய்வு பெற்றார். 2019-இல் பி.ஆர். கவாய் வரும்வரை மறுபடியும் ஒன்பது வருஷம் ஒரு தலித் நீதிபதியும் இல்லை. சலுகையின் லட்சணம் இதுதான்.

நான் கிருஷ்ணகிரி கோர்ட்டில் நாற்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். என் சீனியர் காவேரிப்பட்டணம் பக்கத்துக் காலனியிலிருந்து படித்து வந்தவர். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. டவுனில் ஆபீசுக்கு ரூம் தேடி நானும் அவரும் சைக்கிளில் அலைந்திருக்கிறோம். "வக்கீலய்யாவுக்கு எந்த ஊரு?" என்பார்கள். சொன்னால், "ஊரா, காலனியா?" என்பார்கள். அதற்கும் பதில் சொன்னால், ரூமை மச்சானுக்குப் பேசி முடித்துவிட்டது அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வரும்.

1978 என்று நினைக்கிறேன். ஒரு மாந்தோப்புப் பாகப்பிரிவினை கேஸ். கட்சிக்காரர் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் காலையில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "அய்யா நல்லாத்தான் பேசறாரு. ஊருல ஒரு மாதிரி பேச்சு வருது. கேஸ் கட்டைக் குடுத்துடுங்க" என்று என்னிடம் சொல்கிறார், உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி. சீனியர் ஒரு வார்த்தை பேசவில்லை. புது வக்கீல் எடுத்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கட்டைத் தானே சிவப்பு நாடாவால் கட்டினார். முன்பணத்தை எண்ணி அதன்மேல் வைத்தார். வெளியூரிலிருந்து வந்திருக்கிறார், ஒரு டீ வாங்கிக் கொடு என்று என்னை அனுப்பினார். அந்த ஆள் டீயைக் குடிக்கவில்லை. இந்தச் சலுகையும் உங்கள் கட்டுரையாளர் கணக்கில் வருமா?

அரசு வக்கீல் பதவிக்கு மூன்று தடவை விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும். மூன்று தடவையும் வேறொருவருக்குப் போனது. அது பழைய கதை, விடுங்கள்.

வரதராஜன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன செய்தி வந்த அன்று சீனியர் உங்கள் பத்திரிகையிலிருந்துதான் அந்தப் படத்தைக் கத்தரித்தார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். "நம்ம ஜோலார்பேட்டைக்காரர்டா" என்றார். ரயில் இல்லாத கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஜோலார்பேட்டை என்றால் ரயில் ஏறுகிற இடம். அன்றைக்கு அது வேறு ஊராகத் தெரிந்தது. அந்தப் படம் இப்போது என்னிடம் இருக்கிறது, மஞ்சளடித்துப் போய்.

அதே கட்டுரையில் தலித் தலைவர் மேயர் சிவராஜ் பெயரே இல்லை. சென்னை சட்டக் கல்லூரியில் பாடம் எடுத்தவர், 1945-இல் மேயர். எஸ்.ஐ.இ.டி. பெண்கள் கல்லூரியைத் தொடங்கிய நீதிபதி பஷீர் அகமது சயீதும் இல்லை. தொரப்பள்ளியில் பிறந்து சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்த ராஜாஜிக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு பக்கம் ஒதுக்குகிறீர்கள். ஒதுக்குங்கள், எங்கள் ஜில்லாக்காரர், எங்களுக்கும் பெருமைதான். ஒதுக்கீடு என்ற சொல் அப்போது உங்களுக்கு உறுத்துவதில்லை. 2023-இல் கோர்ட்டு வளாகங்களில் காந்தி, திருவள்ளுவர் படம் மட்டும்தான் இருக்கலாம் என்று சுற்றறிக்கை வந்து, அம்பேத்கர் படத்துக்காக வக்கீல்கள் கொதித்தார்களே, அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் போடவில்லை. அந்த வாரம் ஆசிரியர் கடிதப் பகுதியில் பஸ் நிலையத்துக் கொசு பற்றி மூன்று கடிதம் வந்திருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரி தவறு என்று நான்கு வரியில் ஒரு திருத்தம். அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில் வர வேண்டும். மூன்றாம் பக்கத்து ஏல அறிவிப்புக்குக் கீழே வேண்டாம். அவர் படம் உங்களிடம் இல்லையென்றால் சொல்லுங்கள், என்னிடம் இருப்பதை அனுப்புகிறேன். ஆனால் ஸ்பீடு போஸ்ட்டில் திருப்பி அனுப்ப வேண்டும், சுயவிலாசமிட்ட உறையில் ஸ்டாம்பும் ஒட்டி வைக்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன்பு நீங்கள் கேட்டீர்கள் என்று அனுப்பிய பழைய கோர்ட்டுக் கட்டடத்துப் போட்டோ இன்னும் வந்து சேரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.